கருப்பட்டி போட்டுவிட்டால் போதுமா?

ஐப்பசி பிறந்ததும் எங்கள் மடிப்பாக்கம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் பலகார விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு வரிசையில் சில ஆண்டுகளாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: வீட்டில் செய்த ஆரோக்கிய சாக்லேட், வெள்ளைச் சர்க்கரை சேர்க்காதது, கருப்பட்டி போட்டது. பளபளப்பான தாளில் சுற்றிய உருண்டைகளின் படமும் கூடவே வரும். விலை கடைச் சாக்லேட்டைவிடக் கூடுதல்தான், இருந்தாலும் ஆர்டர்கள் குவிகின்றன.

நானும் தீபாவளிக்குச் சாக்லேட் செய்து உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்கிறவள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடெங்கும் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. எங்கள் தெருவில் மாத்திரை டப்பா இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட தெருவில் 'ஆரோக்கியம்' என்று எழுதி ஒரு பெட்டியைக் கொடுப்பது பொறுப்போடு செய்ய வேண்டிய காரியம். வீட்டில் செய்தது என்பதாலோ கருப்பட்டி போட்டது என்பதாலோ ஒரு சாக்லேட் உடம்புக்கு நல்லதாகிவிடாது. அதில் இருப்பது எந்தக் கொழுப்பு, கொக்கோ எவ்வளவு, துண்டு எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

கொழுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. வீட்டில் சாக்லேட் செய்பவர்களில் பெரும்பாலோர் பேக்கரிப் பொருள் கடையில் அரைக் கிலோ, ஒரு கிலோ பாளமாக விற்பதை வாங்கி, உருக்கி, அச்சில் ஊற்றுகிறார்கள். அந்தப் பாளத்தில் பெரும்பாலானவை 'காம்பவுண்ட்' வகை. உறையைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. காம்பவுண்டில் சர்க்கரை முதலில் நிற்கும், அடுத்து ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு, அதற்கும் பிறகுதான் கொக்கோத் தூள். கொக்கோ வெண்ணெய் என்ற சொல்லே இருக்காது. கொக்கோக் கொட்டையின் சொந்தக் கொழுப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப்பனையின் விதைக் கொழுப்பை வைத்திருக்கிறார்கள். இது மலிவு, உருக்கி ஊற்றினால் தானாக இறுகிவிடும், சென்னை வெயிலையும் கொஞ்சம் தாங்கும். விற்பவர்களுக்கு அதனால்தான் அது பிடித்திருக்கிறது.

உடம்புக்கு அது வேறு கணக்கு. எண்ணெய்ப்பனை விதைக் கொழுப்பில் லாரிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பு நிறைய. அது கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்கிற எல்டிஎல்லை ஏற்றும். ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகக்கூடிய, இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியிலிருந்து வரம்பு வைத்திருப்பதால் அந்தப் பயம் முன்புபோல இல்லை. ஆனால் நிறைவுற்ற கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது. கொக்கோ வெண்ணெயிலும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம்தான். ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம், அது எல்டிஎல்லை அவ்வளவாக ஏற்றுவதில்லை. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு, ஆலிவ் எண்ணெயில் நிறைந்திருக்கிற அதே ஒலீக் அமிலம்.

நாக்கே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். கொக்கோ வெண்ணெய் உருகுவது 33, 34 டிகிரியில், உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே. வாயில் போட்டதும் சுவடில்லாமல் கரைந்துவிடும். காம்பவுண்ட் கரைந்த பிறகும் மேலண்ணத்தில் ஒரு பிசுக்கு நிற்கும். வெந்நீர் குடித்தால்தான் போகும். ஒருமுறை இரண்டையும் அடுத்தடுத்து வாயில் போட்டுப் பார்த்தவர் பிறகு ஏமாற மாட்டார்.

இனி கருப்பட்டி. போன தீபாவளிக்குச் சில நாள் முன்பு மேல்வீட்டு மாமி இறங்கி வந்து கேட்டார்.

"இந்த வருஷம் கருப்பட்டி சாக்லேட் செய்து கொடுத்துவிடு கண்ணு. மாமாவுக்குச் சர்க்கரை ஏறாது பார்."

"ஏறும் மாமி. கருப்பட்டியும் சர்க்கரைதான்."

"பனையிலிருந்து வருவதாயிற்றே!"

"எதிலிருந்து வந்தாலும் ரத்தத்தில் கலந்த பிறகு ஒன்றுதான். மாமாவுக்கு டார்க் சாக்லேட்டிலேயே சின்னத் துண்டாகச் செய்து தருகிறேன், ஒன்று மட்டும் கொடுங்கள்."

மாமி நம்பாமல்தான் படியேறிப் போனார். கருப்பட்டியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை, சுக்குக் காப்பிக்கு அதைத் தவிர வேறொன்றைப் போட மனம் வராது. பனைத் தொழிலாளியின் உழைப்பும் அதில் இருக்கிறது. தாதுக்களும் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தத் தாதுக்களுக்காகச் சாப்பிட வேண்டுமென்றால் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட வேண்டியிருக்கும். அதன் பெரும்பகுதி சுக்ரோஸ், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே பொருள். சர்க்கரை நோயாளியிடம் "இது ஏறாது" என்று சொல்லி அதைக் கொடுப்பது அநியாயம். ஒன்றுக்கு நாலாக எடுத்துச் சாப்பிட அந்த வார்த்தையே இடம்கொடுத்துவிடுகிறது.

'சுகர் ஃப்ரீ' பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றில் மால்டிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும். சர்க்கரையைவிடக் குறைவாக ஏற்றும் என்பது உண்மை, ஏற்றவே ஏற்றாது என்பது இல்லை. கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டால் வயிறு உப்பும், பேதியாகும். தீபாவளியன்று வயதானவர்களுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம்.

அப்படியானால் சர்க்கரையை எப்படிக் குறைப்பது? கொக்கோவைக் கூட்டுங்கள், அது தானாகக் குறையும். உறையில் 70 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்தப் பாளத்தில் 70 பங்கு கொக்கோக் கொட்டையிலிருந்து வந்தது என்று பொருள். அதன் தூளும் வெண்ணெயும் சேர்ந்த கணக்கு அது. மிச்சம் 30 பங்கு ஏறக்குறைய முழுக்கச் சர்க்கரை. பால் சாக்லேட்டில் பாதி சர்க்கரை இருப்பது சாதாரணம். நான் 300 கிராம் 70 சதவீதச் சாக்லேட்டில் 200 கிராம் வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் சேர்த்து 50 துண்டுகள் செய்கிறேன். ஒவ்வொன்றும் 10 கிராம். மொத்தச் சர்க்கரை 90 கிராம், ஒரு துண்டுக்கு 2 கிராம்கூட வராது, அரைத் தேக்கரண்டிக்கும் குறைவு. சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அந்த அளவுக்குள் இந்தத் துண்டு வசதியாக அடங்கும். கலோரி மட்டும் குறையாது: துண்டுக்கு 55, 60 இருக்கும், ஏனென்றால் கொக்கோவும் கடலையும் கொழுப்பு நிறைந்தவை. ஆகவே துண்டு சிறியதாக இருக்க வேண்டும். பெரிய அச்சுகளை வாங்காதீர்கள். 10 கிராம் அச்சு கிடைத்தால் அதுவே போதும், கிடைக்காவிட்டால் வெண்ணெய்த் தாளில் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விடலாம்.

70 சதவீதம் கசக்கும், குழந்தைகள் தொட மாட்டார்கள் என்று பயப்படுவார்கள். 55, 60 சதவீதத்தில் தொடங்குங்கள். கடலையின் இனிப்பும் கல் உப்பின் இரண்டு மூன்று பொடிகளும் கசப்பை அடக்கிவிடும். பாகற்காயும் சுண்டைக்காய் வற்றலும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குகள்தானே நம்முடையவை, பழகிக்கொள்ளும்.

இனி அடுப்படிக்கு வருவோம். அசல் கொக்கோ வெண்ணெயில் செய்த சாக்லேட்டை உருக்கி அப்படியே ஊற்றினால் அது இறுகாது. இறுகினாலும் மங்கலாக, வெள்ளைத் திட்டுகளோடு, தொட்டால் கையில் ஒட்டும். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. அவற்றில் ஐந்தாவது வடிவத்தில்தான் பளபளப்பும், 'டக்'கென்று ஒடிகிற உறுதியும் உண்டு. அந்த ஒன்றை மட்டும் வளரவைப்பதற்குப் பெயர் டெம்பரிங். அதிரசத்துக்குப் பாகு பதம் தப்பினால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும்.

300 கிராமில் 200 கிராமைப் பொடியாக நறுக்கி, துடைத்துக் காயவைத்த ஒரு கிண்ணத்தில் போடுங்கள். கொஞ்சம் தண்ணீர் சுடவைத்து அடுப்பை அணைத்து, பாத்திரத்தின் வாயைவிட அகலமான கிண்ணத்தை அதன் மேல் வையுங்கள். அகலம் முக்கியம், ஏனென்றால் ஓரத்தில் எழும் ஆவி உள்ளே விழுந்தால் வேலை கெட்டது. ஒரு தேக்கரண்டித் தண்ணீர் போதும், மினுமினுவென்று ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் நொடியில் சொரசொரவென்று கட்டியாகிவிடும். சர்க்கரையும் கொக்கோத் துகளும் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரமாக இருக்கிற ஊரில் கரண்டி, அச்சு, கை எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். மரக்கரண்டி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், சிலிக்கான் கரண்டி மேல்.

உருகி 45 டிகிரியைத் தொட்டதும் கிண்ணத்தை இறக்கி, அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, மிச்சமுள்ள 100 கிராமைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். உருகாத பாளத்தில் இருக்கிற நல்ல படிகங்கள் விதையாகி, மற்றதையும் தம் வழிக்குக் கொண்டுவரும். 31, 32 டிகிரியில் நிறுத்த வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். அது இல்லாவிட்டால் துளி எடுத்துக் கீழுதட்டில் தொட்டுப் பார்க்கலாம், சூடாக இல்லாமல் லேசான குளிர்ச்சியாகத் தெரிந்தால் சரி. கத்தி நுனியை அதில் முக்கி எடுத்து வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுகினால் பதம் வந்துவிட்டது.

இறுகுவதற்கு எந்த அறையில் வைக்கிறீர்கள் என்பதில்தான் சென்னைக்காரர்களுக்குச் சிக்கல். சமையலறையே 31 டிகிரி இருந்தால் சாக்லேட் எப்படி இறுகும்? ஊட்டியில் வீட்டுச் சாக்லேட் இவ்வளவு பெயர் வாங்கியதில் அந்த ஊர்க் குளிருக்கும் பங்கு உண்டு. இங்கே நான் விடியற்காலையில் படுக்கையறை ஏசியை 21-இல் வைத்து, மடக்கு மேசையைப் போட்டு அங்கேயே வேலையை முடிக்கிறேன். குளிர்ப்பெட்டியில் நேராக வைக்காதீர்கள். அச்சில் ஊற்றி வெளிப்புறம் லேசாகப் பிடித்த பிறகு பத்து, பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். பெட்டியில் அடுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தால், எடுத்தவுடன் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும். உடனே திறந்தால் மேலே நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். அது காய்ந்த இடத்தில் சர்க்கரை வெள்ளையாகப் பூக்கும். பூசணம் என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். அது பூசணம் இல்லை, சாப்பிடலாம். பார்வைக்குத்தான் நன்றாக இராது.

உள்ளே என்ன சேர்ப்பது என்பதில்தான் எனக்கு ஆசை அதிகம். பாதாமும் முந்திரியும் எல்லோரும் போடுகிறார்கள். வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலைக்கு நிகராக டார்க் சாக்லேட்டோடு சேர்வது வேறெதுவும் இல்லை என்பேன். விலையும் கையைக் கடிக்காது. கறுப்பு எள்ளை வெறும் வாணலியில் வெடிக்கும்வரை வறுத்துச் சேர்த்தால் கசப்புக்குள் இன்னொரு கசப்பு, அது எனக்கு மிகவும் பிடிக்கும். பொட்டுக்கடலை மொறுமொறுப்புக்கு. கொப்பரைத் துருவலைச் சிவக்க வறுத்தால் நெய் சேர்த்ததுபோல மணம் வரும். எதைச் சேர்த்தாலும் முழுக்க ஆறிய பிறகு சேர்க்க வேண்டும், சூடாகக் கொட்டினால் பாடுபட்டு வளர்த்த படிகமெல்லாம் உருகிப்போகும்.

தீபாவளி என்றால் விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு ஒரு சுண்டைக்காய் அளவு லேகியம். அந்தச் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமத்தின் காரம் சாக்லேட்டுக்கு அவ்வளவு பொருந்துகிறது. சலித்த சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, திப்பிலிப் பொடி கால், மிளகுப் பொடி ஒரு சிட்டிகை. 300 கிராமுக்கு இவ்வளவு போதும். முதலில் கொக்கோவின் கசப்பு, பிறகு கடலை, எல்லாம் கரைந்தபின் தொண்டையில் மெல்ல ஏறுகிற காரம். லேகியத்தைக் கண்டால் ஓடுகிற என் அக்கா பிள்ளைகள் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். இதைச் சாப்பிட்டால் செரிமானம் ஆகும் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை, ருசிக்காகத்தான் போடுகிறேன்.

கருப்பட்டியின் மணம் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது, ஆனால் அச்சுச் சாக்லேட்டில் இல்லை. கருப்பட்டி காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பொடித்துப் போட்டாலும் சாக்லேட் கட்டி தட்டும். தேங்காய்ப் பாலில் சேர்த்தால் அது அழகாகக் கலந்துகொள்ளும். துளித் தண்ணீருக்குக் கட்டியாகிற சாக்லேட், தண்ணீர் போதிய அளவு இருந்தால் மறுபடி இளகி வெண்ணெய்போல வழவழப்பாகிவிடுகிறது. 30 கிராம் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, சுண்டக் காய்ச்சி, 100 மில்லி முதல் தேங்காய்ப் பாலில் கலந்து ஒரு கொதி விடுங்கள். நறுக்கிய 200 கிராம் சாக்லேட்டின் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கிளறுங்கள். குளிரவைத்துச் சிறு நெல்லிக்காய் அளவில் உருட்டி, கொக்கோத் தூளில் புரட்டி எடுக்கலாம். டெம்பரிங் தேவையில்லை. ஈரமும் தேங்காய்ப் பாலும் இருப்பதால் குளிர்ப்பெட்டியில்தான் வைக்க வேண்டும், மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் இதை வீட்டில் செய்து அன்றன்றே பரிமாறுவேன், பெட்டியில் போட்டு அனுப்ப மாட்டேன்.

புரட்டுவதற்குக் கொக்கோத் தூள் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கன்னங்கரேலென்று இருப்பது பெரும்பாலும் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியது. அதில் கசப்பு குறையும், கொக்கோவின் நல்ல சத்துகள் என்று பேசப்படும் ஃபிளேவனால்களும் கூடவே குறையும். வெளிர் பழுப்பாக இருப்பது இயற்கையான தூள்.

ஃபிளேவனால் என்று சொன்னதும் 'சாக்லேட் இதயத்துக்கு நல்லது' என்ற பேச்சு வந்துவிடும். அமெரிக்காவில் 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் கொக்கோச் சாற்றைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம் முதலிய இதயநோய் நிகழ்வுகளின் மொத்த எண்ணிக்கை உறுதியாகச் சொல்லும்படி குறையவில்லை. இதயநோயால் இறந்தவர்கள் மட்டும் குறைவாக இருந்தார்கள். அந்த ஆய்வில் கொடுத்தது மாத்திரையாக அடைத்த சாறு, சாக்லேட் இல்லை. ஆகவே நான் கொடுப்பது மருந்தென்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். இது இனிப்பு. நல்ல பொருளில், குறைந்த சர்க்கரையில் செய்த இனிப்பு.

சாக்லேட்டை எங்கோ வெளிநாட்டுச் சரக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் போனால் தென்னந்தோப்பு நிழலில் கொக்கோ மரங்கள் நிற்கின்றன. காய் கிளை நுனியில் தொங்காது, பலாவைப் போல அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். உடைத்தால் கொட்டைகளை மூடி வெள்ளைச் சதை, புளிப்பும் இனிப்பும் கலந்தது. அதை அப்படியே கூட்டிவைத்து ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்தால்தான் சாக்லேட் மணத்துக்கு அடிப்படையே விழுகிறது. இன்று உலகெங்கும் கொட்டையிலிருந்தே சாக்லேட் செய்கிற சிறு தயாரிப்பாளர்கள் பலரின் பட்டறையில் சுழல்வது நம் கோயம்புத்தூர் கிரைண்டரின் சற்று மாற்றிய வடிவம்தான். இட்லி மாவுக்கு இருபது முப்பது நிமிடம் ஆட்டுவதை, அவர்கள் ஒரு நாள் முழுக்க, அதற்கும் மேலே ஓடவிடுகிறார்கள். துகள் நாக்குக்குத் தட்டுப்படாத அளவு நுணுக வேண்டும் அல்லவா? வீட்டுக் கிரைண்டரின் மோட்டார் அவ்வளவு நேரம் தாங்காது, கல்லில் ஊறிய மாவு வாடையும் போகாது. அதனால் நான் பாளமாகவே வாங்கிக்கொள்கிறேன். தமிழ்நாடு, கேரளத் தோட்டக் கொட்டையில் செய்த பாளங்கள் இப்போது கிடைக்கின்றன. காம்பவுண்டைவிட விலை மிகவும் அதிகம்தான். அரைக் கிலோ வாங்கி ஆளுக்கு நாலு துண்டு கொடுப்பதே எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஆண்டர்சன் தெருவில் சிறிய அட்டைப் பெட்டிகள் வாங்கி வந்துவிடுவேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு: சேர்மானம், ஒரு துண்டில் சர்க்கரை எவ்வளவு, வேர்க்கடலையும் எள்ளும் இருக்கிறது என்ற எச்சரிக்கை. கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருக்கிறார்கள். நாய் வளர்க்கும் வீடென்றால் அதற்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் எழுதுகிறேன். டார்க் சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம். ஊசிப் பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு உட்கார்ந்திருக்கும் நாய்க்கு அன்பாக ஏதாவது கொடுக்கத் தோன்றும், அது சாக்லேட்டாக இருந்துவிடக் கூடாது.

மாமியின் வீட்டுக்குப் போன சீட்டை மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாராம். ஒரு துண்டுதான் சாப்பிட்டார் என்று மாமி சொன்னார். "கசக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறது" என்று மாமாவும் சொன்னார்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சாக்லேட்டைக் கொடுத்துவிடுவதில்லை. எழும்பூரில் ஸ்லீப்பர் பெட்டியில் ஏறி, மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் இருந்து, காலையில் திருநெல்வேலியில் இறங்கும்போது அது குழம்பாகியிருக்கும். அவர்களுக்குப் பேரீச்சம்பழ உருண்டை. விதை நீக்கிய பழம் 200 கிராம், வறுத்த எள்ளும் வேர்க்கடலையும் 100 கிராம் வீதம், கொக்கோத் தூள் 30 கிராம், சுக்குப் பொடி, துளி உப்பு. கடலையையும் எள்ளையும் மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி, பழத்தைச் சேர்த்து இன்னொரு சுற்று ஓட்டி, உருட்டிவிட வேண்டியதுதான். உருகாது, ஏசி வேண்டாம். நார்ச்சத்து நிறைய உண்டு. ஆனால் பேரீச்சையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். 10 கிராம் உருண்டைக்கு 3 கிராம் சர்க்கரை வருகிறது, நான் செய்கிற சாக்லேட் துண்டைவிடக் கூடுதல். அதையும் சீட்டில் எழுதித்தான் கொடுக்கிறேன்.